கருவாட்டைக் கேட்டு ஏற்றிய கூண்டு

மனைவி கோபத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து நம்பி, அதற்காகத் தூத்துக்குடிக் காற்றோடு மல்லுக்கு நின்ற ஆண்பிள்ளை உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் கூண்டு அண்ணாச்சி. சொந்தப் பெயர் என்று ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அந்தக் கார்டை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

துறைமுகத்துக் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏற்றுவது அவர் வேலை. கடலில் எங்கேயாவது காற்று சுழன்றால் மெட்ராஸிலிருந்து தந்தி வரும். இத்தனாம் நம்பர் என்று ஆபீசர் சொல்வார். அண்ணாச்சி கறுப்புக் கூண்டைக் கயிற்றில் கோத்து ஏற்றுவார். இறக்கச் சொல்லித் தந்தி வந்தால் இறக்குவார். இரண்டு தந்திக்கும் நடுவில் யோசனை என்று ஒன்றை அவர் வைத்துக்கொண்டதே இல்லை. "ஏத்துன்னா ஏத்தணும், எறக்குன்னா எறக்கணும். நடுவுல நம்ம மூளைக்கு என்னவே சோலி?" என்பார்.

உத்தியோகத்தில் வந்த இந்தப் பழக்கம் உடம்பு முழுக்கப் பரவியிருந்தது. ஒருமுறை நான் அவரிடம், "இங்கனயே நில்லுங்க அண்ணாச்சி, ஒரு தபால் போட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். வழியில் ஒரு சிநேகிதன் மாட்டினான், சினிமாவுக்குப் போய்விட்டேன். படம் முடிந்து அந்தப் பக்கமாக வந்தால் மனிதர் அதே இடத்தில் நிற்கிறார். கோபம்கூட இல்லை. "தபால் ஆபீசுல கூட்டமோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவரிடம் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் சோதித்துத்தான் வெளியே விடுவேன்.

இந்தச் சங்கதி அவர் மனைவிக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். ஆனால் கோபத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, கடையத்துக்காரி. மலையடிவாரம், வாய்க்கால் தண்ணீர், இடி இடித்தால் மறுநாள் தோட்டத்தில் காளான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டால் எப்படி இருக்கும்? பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் நமத்துப்போகும். தீப்பெட்டியில் பாதிக்குச்சி பற்றாது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஒருநாள் பருப்பு வேகாத ஆத்திரத்தில் பெட்டியைக் கட்டிவிட்டாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாளாம்: "இந்த உப்புப் பிடிச்ச ஊருல ஒரு காளான் மொளைக்கட்டும், அன்னைக்கு வாரேன்."

வேறு யாராக இருந்தாலும் நாலு நாள் கழித்துப் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் பஸ் ஏறியிருப்பான். அண்ணாச்சி அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். காளான் முளைத்தால் மனைவி வருவாள். முளைக்காவிட்டால் வரமாட்டாள். ஆகவே காளான் முளைக்க வைக்க வேண்டும். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

இது எழுபதுகளின் நடுப்பகுதி. நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து வந்து, ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க்காக ஒட்டிக்கொண்டிருந்தேன். கடற்கரையை ஒட்டிய தெருவில், உப்பு மூட்டை அடுக்கி வைக்கும் பழைய கிட்டங்கி ஒன்றின் மாடியில் எனக்கு ஒற்றை அறை. கீழே கிட்டங்கி காலியாகத்தான் கிடந்தது. அண்ணாச்சி அதன் சாவியை வாங்கிவிட்டார். எங்கேயோ கிடைத்த ஒரு துண்டுப் பிரசுரமும், கோயமுத்தூரிலிருந்து தபாலில் வந்த நாலு காளான் வித்துப் புட்டிகளும் அவர் கையில் இருந்தன. வைக்கோலை ஊறவைத்து முறுக்கி அடுக்கி, இடையிடையே வித்தையும் கொள்ளுமாவையும் தூவி, பாலிதீன் தாளால் மூடிவிட்டால் வைக்கோல் காளான் வந்துவிடும் என்றது பிரசுரம். அதுவரைக்கும் எல்லாம் சரிதான். கடைசிப் பக்கத்தில் இருந்த நாலு வரிதான் எங்கள் இரண்டு பேரையும் பைத்தியமாக அடித்தது.

"தம்பி, நீரு பி.ஏ. படிச்சவரு. நல்லாக் கேளும்" என்று உரக்க வாசித்தார். "அறைக் காத்துல ஈரப்பதம் எம்பத்தஞ்சு இருக்கணும். தரையில தண்ணி தேங்கக் கூடாது. வைக்கோலு நனைஞ்சிருக்கணும், ஆனா சொதசொதன்னு இருக்கக் கூடாது. சன்னலைத் தொறந்து காத்தோட்டம் குடுக்கணும், ஆனா ஈரம் வெளிய போயிரக் கூடாது. இதுக்கு என்ன அர்த்தம்?"

நான் படித்தது சரித்திரம். பானிப்பட்டு யுத்தம் எத்தனை என்று கேட்டால் சொல்லியிருப்பேன். தவிர, நான் வளர்ந்த ஊரில் ஈரம் என்பது வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோகும் விருந்தாளி. "காத்து மட்டும் நனையணும் போலிருக்கு அண்ணாச்சி" என்றேன்.

"தரையை நனைக்காம காத்தை எப்படிவே நனைக்க?"

நியாயமான கேள்வி.

அந்தத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காங்கிரீட் தரைதான். ஆனால் வருஷக்கணக்காக உப்பு மூட்டைகளைச் சுமந்து, உப்பைக் குடித்துக் குடித்து ஊறிப்போன காங்கிரீட். காலையில் கரைக்காற்று அடித்தால் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும். மதியம் கடல்காற்று திரும்பினால், யாரும் ஒரு சொட்டு ஊற்றாமலேயே வேர்க்க ஆரம்பிக்கும். அண்ணாச்சி பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். உப்பு கரைந்து தரைக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டு, மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காததுபோல மேலே எட்டிப் பார்க்கும். உப்பு இருக்கும் இடத்தில் காளான் வராது. தண்ணீர் ஊற்றினால் உப்பு வருகிறது. ஊற்றாவிட்டால் காற்று காய்கிறது. முதல் படுக்கை கறுத்து நாறியது. இரண்டாவது காய்ந்து சருகானது.

தரையில் மணலைப் பரப்பி அதை நனைத்து வைத்தால் காற்றுக்கு ஈரம் கிடைக்கும், தண்ணீரும் தேங்காது என்று யாரோ நல்ல யோசனைதான் சொன்னார்கள். ஆனால் தூத்துக்குடிக்காரனிடம் மணல் என்று சொன்னால் கால் தானாகக் கடற்கரைக்குத்தான் போகும். அண்ணாச்சி இரண்டு வண்டி கடல் மணல் அடித்துப் பரப்பிவிட்டார். குடம் வரிசையில் நின்று பிடித்த நல்ல தண்ணீரைப் பன்னீர் தெளிப்பதுபோல் அதன்மேல் தெளித்தார். மூன்றாம் நாள் மணலும் வெள்ளை பூத்தது.

எதிர்வீட்டு வள்ளக்காரர் சூசை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, காளான் போடுதீரா, உப்பளம் போடுதீரா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி அதையும் நிஜமான கேள்வியாக எடுத்துக்கொண்டு, "காளானுதான் சூசை, காளானு" என்று பொறுமையாகப் பதில் சொன்னார். அப்புறம் எல்லா மணலையும் அள்ளிக் கொட்டிவிட்டு, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆற்று மணல் கொண்டுவந்து பரப்பினார். சன்னல்களுக்கு நனைத்த சாக்குப் படுதா போட்டார். வித்துப் புட்டியில் கடைசியாக மிஞ்சியிருந்ததை எடுத்து மூன்றாவது படுக்கையைப் போட்டார்.

இனி எண்பத்தைந்தை அளக்க வேண்டும். துறைமுகத்தில் அதற்கென்றே கருவி இருக்கிறதே, கேட்டு எழுதி வாருங்களேன் என்றேன். "அது கடலுக்குள்ள ஈரம் தம்பி. கிட்டங்கி ஈரம் வேற" என்று தள்ளிவிட்டார். சூசை வீட்டிலிருந்து முழ நீளத்தில் ஒரு வாளைக் கருவாடு வாங்கி வந்து, உத்தரத்திலிருந்து படுக்கைவசமாகத் தொங்கவிட்டார். காற்று காய்ந்தால் கருவாடு விறைக்கும், ஈரம் ஏறினால் தளர்ந்து வளையும். இது இந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதன் பின்னால் சுவரில் பென்சிலால் கோடு போட்டு எண் எழுத வேண்டியதுதான் பாக்கி. அதற்காகச் சாயங்காலம் டீக்கடை ரேடியோவில் வானிலை வாசிக்கும்போது, நான் கடையிலிருந்து எண்ணைக் கத்துவேன். அவர் உள்ளே கருவாடு நிற்கும் இடத்தில் கோடு இழுப்பார். ஒரு வாரம் இப்படிக் கத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது, ரேடியோக்காரன் மெட்ராஸ் ஈரத்தை அல்லவா வாசிக்கிறான்! மெட்ராஸ் ஈரத்துக்குத் தூத்துக்குடிக் கருவாடு எப்படி வளையும்? அண்ணாச்சியிடம் சொல்ல மனம் வரவில்லை. முதல் கருவாட்டைப் பூனை தின்றுவிட்டதால், இரண்டாவது கருவாட்டை அதே கோட்டுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் வாரம் தவறாமல் மதினிக்குக் கார்டு எழுதுவார். ஒன்றை நான்தான் தபாலில் போட்டேன், அதனால் படித்தேன். "கடையம் செல்லத்தாய்க்கு. இன்று தரை அதிகமாக வேர்த்தது. கருவாடு எழுபதில் நிற்கிறது. கவலைப்பட வேண்டாம். மற்றவை நேரில்." மொத்தமே அவ்வளவுதான். காளானைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சொன்னவளுக்கே திருப்பிச் சொல்வானேன் என்று நினைத்திருக்கிறார். அதைப் படித்த அந்த அம்மாள் என்ன நினைத்தாளோ என்று எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணாச்சி வீட்டுக்குப் போனால் மனிதர் ஒற்றை ஆளாகச் சோறு வடித்து, வேகாத பருப்பை ஊற்றிச் சாப்பிடுகிறார். எதிரே இன்னொரு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

மூன்றாவது படுக்கைதான் கடைசி. அதனால் பகலில் கொடிமரத்தடியில் நிற்கும் நேரத்திலும் அவருக்குக் கிட்டங்கி நிலவரம் தெரிந்தாக வேண்டும். மனிதருக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே? இரண்டு மீன் கூடைகளுக்குக் கீல் பூசிக் கறுப்பாக்கினார். கிட்டங்கி மாடியில் ஒரு மூங்கிலை நட்டுக் கயிறு கட்டினார். "மத்தியானம் சாப்பிட வருவீருல்லா, கருவாட்டைப் பாத்துட்டு ஏத்திரும். காஞ்சு கெடந்தா பெரிய கூண்டு. ஈரம் மிஞ்சிருந்தா சின்னக் கூண்டு. நான் அங்கன இருந்து தொலைநோக்கியில பாத்துக்கிடுவேன்."

முதல் நாள் மதியம் நான் போய்ப் பார்த்தேன். கருவாட்டின் தலைப்பக்கம் சன்னலை ஒட்டி விறைத்து நிற்கிறது. வால்பக்கம் துவண்டு தொங்குகிறது. வறட்சியா, ஈரமா? தொட்டுப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், சுற்றி வந்து பார்த்தேன். ஆபீஸ் மணி அடிக்கிற நேரமாகிவிட்டது. குழப்பம் என்று காட்டுவதற்கு அவர் கூண்டு எதுவும் வைக்கவில்லை. இரண்டும் இருக்கிறது, ஆகவே இரண்டையும் ஏற்றுவோம் என்று இரண்டையும் ஏற்றிவிட்டு ஆபீசுக்கு ஓடினேன்.

சாயங்கால வலைக்குப் போக வள்ளங்களைத் தள்ளிக்கொண்டிருந்த நேரம் அது. சூசைதான் முதலில் பார்த்திருக்கிறார்.

"ஏலே, கூண்டு! ரெண்டு கூண்டு!"

"ஆர்பர் கொடிமரத்துல ஒண்ணையும் காணமே?"

"ஏத்துறவரு ரெண்டு எடத்துக்கும் ஒருத்தருதானல. ஆபீசு உத்தரவு வர நேரமாவும்னு நமக்கு முன்கூட்டியே சொல்லுதாரு."

"வானம் பளிச்சுன்னு கெடக்கே?"

"புயலுக்கு முன்ன அப்படித்தான் கெடக்கும்."

வள்ளங்கள் எல்லாம் கரையேறின. பெண்கள் மணலில் காயப்போட்டிருந்த கருவாட்டை அள்ளினார்கள். உப்பளத்தில் உப்புக் குவியலுக்கு ஓலை மூட ஆள் ஓடியது. அப்போதும் பாதிப்பேர் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி தொலைநோக்கியில் இரண்டு கூண்டையும் பார்த்துவிட்டார். வறட்சியும் ஈரமும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று புரியாமல், காக்கி நிக்கரோடு கடற்கரைச் சாலையில் ஓடிவந்தார். கூண்டு ஏற்றுகிறவரே தலைதெறிக்க ஓடுவதைப் பார்த்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? கடைகள் படபடவென்று அடைபட்டன.

பொழுது சாய்வதற்குள் ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். வாசலில் சூசையும் இன்னும் நாற்பது பேரும் நின்றார்கள். விஷயம் கேள்விப்பட்டு நானும் வந்து சேர்ந்திருந்தேன்.

"யாரைக் கேட்டுவே கூண்டு ஏத்துனீரு?" என்று கத்தினார் ஆபீசர்.

அண்ணாச்சிக்குப் பொய் வராது. "கருவாட்டைக் கேட்டு சார்" என்றார்.

ஆபீசர் உள்ளே போய் அந்தக் கருவாட்டைப் பார்த்தார், சுவரில் கோட்டைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், சாக்குப் படுதாவைப் பார்த்தார். போகும்போது இருந்ததைவிடக் குழம்பிப்போய் வெளியே வந்தார். நான் முன்னால் வந்து, "சார், ஏத்தினது..." என்று ஆரம்பித்தேன். அண்ணாச்சி என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். "கயிறு என் கயிறு, கூண்டு என் கூண்டு. நான்தான் சார் பொறுப்பு. தம்பிக்குக் கருவாடு பாக்கத் தெரியாது." நாளைக் காலை ஆபீசுக்கு வாரும், உம்ம சீட்டைக் கிழிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப் போய்விட்டது.

அத்தனை கத்தியவர், கூண்டை இறக்கச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார். சொல்லாமல் அண்ணாச்சி இறக்குவாரா? கூண்டு அப்படியே நின்றது. ஏற்றியது தப்பு என்று தெரிந்துபோன பிறகும் நின்றது.

நிற்கிற கூண்டு சும்மா நிற்குமா? சேதி பஸ் ஏறிவிட்டது. திருநெல்வேலிக்குப் போனபோது மூன்றாம் நம்பர். அம்பாசமுத்திரத்தில் ஏழு. கடையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தாம் நம்பர், கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது, துறைமுகத்து ஆட்கள் ஒருவரையும் காணோம்.

மறுநாள் காலை அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டு, சீட்டுக் கிழிபடக் கிளம்பிக்கொண்டிருந்தார். நானும் கூடப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து நின்றேன். சூசை ஒரு நாள் மீன்பாடு போன கோபத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தார். தெருமுனையில் கையில் ஒரு மஞ்சள் பையோடு மதினி வந்தாள். நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். அண்ணாச்சியின் இரண்டு தோளையும் பிடித்து, முழுசாக இருக்கிறாரா என்று பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தாள்.

"கடலு உள்ள வந்துட்டுன்னு சொன்னாவளே! ஒருத்தரும் மிஞ்சலன்னு சொன்னாவளே!" என்றாள்.

அண்ணாச்சி மலங்க மலங்க விழித்தார். "ஏளா, நீ எப்படி வந்த? காளான் இன்னும் மொளைக்கலியே?"

"என்ன காளான்?"

அவள் வாசலில் நின்று சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் ஒப்பித்தார். மதினிக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. "நான் எப்பம் அப்படிச் சொன்னேன்?" என்றாள். பையிலிருந்து ஒரு கட்டுக் கார்டை எடுத்தாள். "தரை வேர்த்தது, கருவாடு எழுபதுல நிக்கிதுன்னு வாராவாரம் எழுதுனது இதுக்கா? புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு நான் ஏறாத கோயில் இல்ல." கிட்டங்கிக்குள் போனாள். ஆற்று மணலையும் நனைந்த சாக்கையும் தொங்கிய கருவாட்டையும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து மேலே கூண்டைக் காட்டினாள்.

"கூண்டு ஏத்துனா கடலுக்குப் போன படகு கரைக்குத் திரும்பணும்லா? திரும்பிட்டேன். எறக்குங்க."

"உத்தரவு வரணுமே" என்றார் அண்ணாச்சி.

"இதுதான் உத்தரவு."

அவர் மாடியேறி இரண்டையும் இறக்கினார். சூசை வலையைக் கீழே போட்டுவிட்டு, "நம்ம ஒருநாள் பாடு போனா போவுது" என்று முனகிக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் நாங்கள் நாலு பேருமாக ஆபீசுக்குப் போனோம். உண்மையை நான் சொன்னேன். மிச்சத்தை மதினி சொன்னாள். ஆபீசர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். "கூண்டு ஏற்றியதற்கான காரணம்" என்ற இடம் வரைக்கும் எழுதினார். அதற்குமேல் பேனா நகரவில்லை. அந்தப் பைல் எனக்குத் தெரிந்தவரை அந்த வரியிலேயே நிற்கிறது. சீட்டும் கிழியவில்லை.

மதினி கிட்டங்கியில் ஒரு காரியம்தான் செய்தாள். "நிமிசத்துக்கு நிமிசம் தொறந்து பாத்தா எது மொளைக்கும்?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஒரு வாரம் கழித்துத் திறந்தோம். படுக்கையில் ஒன்றும் இல்லை. மூலையில் போட்டு வைத்திருந்த சின்னக் கூண்டுக்குள், எப்போதோ ஒட்டியிருந்த ஈர வைக்கோலில், கட்டைவிரல் அளவில் ஒரே ஒரு காளான் நின்றது. எப்படி என்று யாரும் கேட்காதீர்கள். அந்த இடத்தில் எத்தனை ஈரம் என்று கருவாட்டுக்கே தெரியாது.

அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது தரையில இல்லா மொளைக்கணும்? கூண்டுல மொளைச்சா செல்லுமா?" என்று கவலைப்பட்டார். செல்லும் என்று மதினி தீர்ப்புச் சொல்லி, நாலு பேருக்குமாக அதைக் குழம்பு வைத்தாள். என் பங்குக்கு வந்தது நகக்கண் அளவு. பருப்பு அன்றைக்கும் வேகவில்லை. இரண்டு தட்டும் நிமிர்ந்திருந்தன.

நான் அப்புறம் எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். அந்த மாதிரி ஒரு மனிதரை மறுபடி பார்க்கவே இல்லை. இப்போதும் செய்தியில் தூத்துக்குடித் துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று சொன்னால், வீட்டில் எல்லோரும் சன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பார்கள். நான் மட்டும், பாவம், யார் வீட்டுப் பெண் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாளோ, சீக்கிரம் பஸ் ஏறட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.